மேசைக்கு முன் ஒரு வணக்கம்

காலையிலிருந்து நாற்பத்திரண்டு பேரைப் பார்த்தாயிற்று. சுங்ஜு நகர உள்ளரங்கத்தில் டேக்வாண்டோ கருப்பு பெல்ட் தேர்வு. தலைமைத் தேர்வாளர் மா சொங்கிலுக்கு இடுப்பு மரத்துப் போயிருந்தது. அறுபது வயது இடுப்பு, எவ்வளவு நேரம்தான் தாங்கும்? பக்கத்து நாற்காலியில் உடன் தேர்வாளர் சோல் ஹேரின். வயது முப்பத்தைந்து, வாங்கிய பதக்கங்களைவிட வாய் நீளம்.

"மாஸ்டர், ரெண்டு துண்டு கிம்பாப்பாவது எடுத்துக்குங்க. வயித்தக் காயப்போட்டா நீங்க போடுற மார்க்கும் காஞ்சுதான் விழுது."

சொங்கில் சிரித்துக்கொண்டே அடுத்த தாளைப் புரட்டினார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. எண் நாற்பத்து மூன்று. தாக் உன்மி, வயது ஐம்பத்தைந்து, ஊர் ஜேச்சொன். கருப்பு பெல்ட்டில் நான்காம் படிக்கு வந்திருக்கிறாள். வேலை பார்க்கும் பயிற்சிக்கூடத்தைத் தன் பேரில் எடுத்து நடத்தப் போவதாக விண்ணப்பத்தில் எழுதியிருந்தாள். நான்காம் படி இல்லாமல் அது நடக்காது.

ஜேச்சொனில் நிலக்கரி வில்லைக் கடைக்கு மாடியில் இருந்தது ஓக் ஆசானின் கூடம். வெள்ளைச் சீருடை மாட்டிக்கொண்டு படியேறினால் சாம்பல் நிறத்தில்தான் இறங்கி வர முடியும். அங்கே ஐந்து வருடம் சொங்கிலின் உதையைத் தாங்கப் பஞ்சுப் பேட் பிடித்தவள் உன்மி. அவள் உதைக்க அவர் பேட் பிடித்தார். ஓக் ஆசான் யார் சொல்லியும் டேக்வாண்டோ சங்கத்தோடு சேரவில்லை. அவர் கொடுத்த சான்றிதழ் வெளியே செல்லாது. அதனால் சொங்கில் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் சியோலுக்கு ரயிலேறிவிட்டார். அங்கே வெள்ளை பெல்ட்டிலிருந்து மறுபடி தொடங்கினார். 'முதலில் பயின்ற இடம்' என்ற கட்டத்தில் சியோல் கூடத்தின் பெயரை எழுதினார். நாற்பது வருடமாக அந்தப் பொய்யைத்தான் ஒவ்வொரு படிவத்திலும் நகல் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

பெயரை மறைக்கலாம். உதையை மறைப்பதுதான் கஷ்டம். வெளியாளுக்குப் பக்கவாட்டு உதை எல்லாமே ஒன்றுதான். தொழிலில் இருப்பவனுக்கு அது கையெழுத்து. சங்கத்து உதையில் முழங்காலை மார்புக்குக் குறுக்கே மடக்கி, நிற்கும் காலின் குதிகால் எதிராளியைப் பார்க்கும்வரை திருப்பி, இடுப்பை உருட்டி விட வேண்டும். ஓக் ஆசானின் உதையில் முழங்கால் நேரே முன்னால் எழும்பும். நிற்கும் கால் பாதிதான் திரும்பும். பாதத்தின் வெளிவிளிம்பு கத்தி மாதிரி போய், போன வழியே திரும்பி வரும்.

உன்மி மேசைக்கு முன் வந்து குனிந்தாள். தலை நரைத்திருந்தது. குனிந்தவள் நிமிர ஒரு மூச்சு கூடுதலாக எடுத்துக்கொண்டாள். உதைப் பிரிவில் ஆளுக்கு மூன்று வாய்ப்பு. முதல் உதைக்கு அவள் முழங்கால் நேரே முன்னால் எழும்பியது. ஓக் ஆசானின் உதை. பாதம் போன வேகத்தில் பேட் பிடித்திருந்த ஆள் இரண்டடி பின்னால் போனான்.

ஹேரின் அவர் பக்கம் சாய்ந்தாள். "எந்தக் கூடத்து உதை மாஸ்டர் இது? நான் பாத்ததே இல்லயே."

என் கூடத்து உதை என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். மூன்றே சொல். சொங்கில் மைக்கை எடுத்தார்.

"நாப்பத்து மூணு, கொஞ்சம் நில்லுங்க. இது பக்கவாட்டு உதையா, இல்ல பன்னித் தொழுவத்துக் கதவச் சாத்துறீங்களா?"

மாடத்தில் உட்கார்ந்திருந்த குடும்பங்கள் சிரித்தன. சிரிப்பு கிடைத்ததும் வாய் நிற்கவில்லை. "இடுப்பு திரும்பல, குதிகால் திரும்பல. உங்களச் சொல்லிக் குத்தமில்ல. இதக் கத்துக் குடுத்தவருதான் வெக்கப்படணும்."

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பெல்ட் முடிச்சைப் பார்த்தாள். "சரிங்க, மாஸ்டர்."

அவருக்குக் காது மடல் சுட்டது. சொன்னது யாரை என்று அந்த அரங்கத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும், அந்த இருவரும் நேருக்கு நேர் இருந்தார்கள்.

ஹேரினுக்கு நல்ல மனசு, அதுதான் வினையாயிற்று. "நீங்களே ஒரு தடவ செஞ்சு காட்டிடுங்களேன், மாஸ்டர். எல்லாரும் பாக்கட்டும்." மாடத்தில் கைதட்டினார்கள். இனி மறுக்க முடியாது. கோட்டையும் காலணியையும் கழற்றிவிட்டு இறங்கினார். உன்மி பேட் பிடித்திருந்த ஆளிடமிருந்து அதை வாங்கிக்கொண்டாள். விலாவோடு அணைத்து, இடது தோளைச் சற்று முன்னால் தள்ளி, ஓக் ஆசானின் கூடத்தில் எப்படிப் பிடிப்பாளோ அப்படியே பிடித்தாள்.

சங்கத்து உதைதான் உதைக்கப் போகிறேன் என்று சொங்கில் நினைத்தார். சத்தியமாக அப்படித்தான் நினைத்தார். ஆனால் அந்தத் தோளைப் பார்த்ததும் கால் அவரைக் கேட்கவில்லை. முழங்கால் நேரே எழும்பியது, பாத விளிம்பு போய் அடித்தது, போன வழியே திரும்பியது. உன்மி ஓரடி கூட நகரவில்லை. அது எங்கே வரும் என்று அவளுக்குத் தெரியும்.

மாடத்தில் யாரோ கேட்டார்கள்: "அந்தம்மா செஞ்சதும் இதானே?" ஹேரினின் பேனா பாதியில் நின்றிருந்தது.

உண்மையைச் சொல்ல இரண்டாம் முறையும் வாய்ப்பு வந்தது. சொங்கில் சொன்னது இதுதான்: "இடுப்பு புடிச்சுக்கிச்சு. காலைலேந்து உக்காந்தே இருக்கேன் பாருங்க."

"தப்பு என்னோடதுங்க," என்றாள் உன்மி, எல்லாருக்கும் கேட்கும்படி. "பேட ரொம்பக் கீழ புடிச்சுட்டேன். மாஸ்டர் என்ன பண்ணுவாரு?"

பேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மீதி இரண்டு உதைகளையும் உதைத்தாள். முழங்கால் மார்புக்குக் குறுக்கே மடங்கியது. குதிகால் திரும்பியது. இடுப்பு எண்ணெய் போட்ட கீல் போல உருண்டது. சங்கத்துப் பாடப்புத்தகத்தில் படமாகப் போடலாம், அவ்வளவு சுத்தம். ஹேரின் முழு மதிப்பெண் போட்டாள். சொங்கிலும் போட்டார், போடும்போது நிமிரவில்லை. நான்காம் படி அவளுடையது. உணவு இடைவேளை என்று அறிவித்தார்கள்.

நடைவழியில், காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் அவள் தனியாக நின்றிருந்தாள். அவர் வருவதைப் பார்த்து இன்னொரு காப்பி டப்பா எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"உன்மி."

"சொல்லுங்க, அண்ணே."

அந்த 'அண்ணே' அவரைக் கூனிக் குறுக வைத்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

"புது உதை அவ்ளோ சுத்தமா வருதே உனக்கு. முதல்ல ஏன் பழச உதைச்ச? படி கைவிட்டுப் போயிருந்தா?"

"மூணு வாய்ப்பு இருக்குல்ல, அண்ணே. படிக்கு ரெண்டு போதும்." டப்பாவின் மூடியை நெம்பிக்கொண்டே சொன்னாள். "தேர்வாளர் பட்டியல்ல உங்க பேரப் பாத்தேன். தேர்வாளர்கிட்ட போய்ப் பேசக் கூடாது. நாப்பது வருசம் கழிச்சுப் பாக்குறோம், வேற எப்படி வணக்கம் சொல்றது?"

அவரும் தன் டப்பாவின் மூடியை நெம்பினார்.

"ஆசானுக்கு எண்பத்தெட்டு. முதியோர் இல்லத்துல இருக்காரு. ஞாயித்துக்கிழம போவேன். சொங்கில் எப்படி இருக்கான்னு இன்னும் கேப்பாரு."

"என்ன சொல்லப் போற?"

"பாத்தேன், நம்ம உதை அப்படியே இருக்குன்னு சொல்றேன். மைக்ல பேசுனத அவரு ஏன் கேக்கப் போறாரு?" காப்பியைக் குடித்துவிட்டு அவருக்குக் குனிந்து வணங்கினாள். இந்த முறை உடனே நிமிர்ந்துவிட்டாள்.

உள்ளே மணி அடித்தது. சொங்கில் போய் உட்கார்ந்தார். மாடம் நிறைந்திருந்தது, அதே ஜனங்கள், அதே மைக். அவர்கள் முன்னால் சொன்னதை அவர்கள் முன்னால்தான் திருப்பி எடுக்க வேண்டும். அது அவருக்கு நன்றாகத் தெரியும். மைக்கை வாயருகே கொண்டுபோனார். ஹேரின் திரும்பிப் பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாப்பத்து நாலு," என்றார்.