நான்கு பத்திகளில் ஒரு பேராசிரியர்

பேராசிரியர் ஓய்வு பெறச் சில மாதங்கள் இருக்கும்போது அவருக்கு அப்பா வழியில் இரண்டாவதாக ஒரு தாத்தா வந்து சேர்ந்தார். கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த குடும்பப் படத்தில், மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்த பழைய தாத்தாவுக்குப் பக்கத்தில் அடர்ந்த மீசைக்காரர் ஒருவர் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். இடம் போதாமல் ஒரு அத்தையின் முழங்கை சட்டத்துக்கு வெளியே போயிருந்தது. தூசி தட்ட வந்த பேராசிரியரின் மனைவிதான் முதலில் பார்த்தாள். "ஏங்க, உங்க தாத்தா பக்கத்துல இன்னொருத்தர் வந்திருக்காரு. பழையவருக்கும் இவருக்கும் பேச்சுவார்த்தை இல்ல போல, ஆளுக்கொரு பக்கம் பாக்குறாங்க" என்று சொல்லிவிட்டு, மீசைக்காரரையும் சேர்த்தே துடைத்தாள்.

பேராசிரியர் இறையியல் கல்லூரியில் காலமெல்லாம், பைபிளில் ஆண்டவரின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு சுவிசேஷங்களை நடத்தியவர். கரும்பலகையில் நான்கு பத்தியாகக் கோடு கிழித்து, ஒரே சம்பவத்தை நால்வரும் எழுதியிருக்கும் விதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, எது எதோடு முட்டுகிறது என்று காட்டுவார். அதனால் மாணவர்கள் வைத்த பெயர் நாலுபத்தி. ஒருவர் எழுதிய வம்ச வரிசையில் ஆண்டவருக்குத் தாத்தா ஒருவர், இன்னொருவர் எழுதியதில் தாத்தா வேறொருவர். ஒருவர் மட்டும் கழுதையோடு குட்டியையும் சேர்த்து, ஆண்டவரை இரண்டின் மேலும் ஏற்றி ஊருக்குள் அனுப்புகிறார். ஒரு நூல், கல்லறையிலிருந்து பெண்கள் பயந்து ஓடினார்கள் என்பதோடு சட்டென்று நின்றுவிடுகிறது. இன்னொரு நூலில், ஆண்டவர் கரையில் மீன் சுட்டுத் தரும் கடைசி அதிகாரம் வேறு கை பின்னால் ஒட்டியது. அதைவிட, எழுதியவர்கள் யாரும் தம் பெயரையே போடவில்லை, பெயரெல்லாம் பிற்பாடு வந்தது. இதையெல்லாம் பேராசிரியர், நான்கு பேரையும் தாமே சந்தில் மடக்கிப் பிடித்துச் சட்டைப்பையைச் சோதித்தவர் மாதிரி சொல்வார். அந்தத் தோரணைக்காகவே வெளியூர்களில் மாலை போட்டார்கள்.

ஓய்வு பெறும் நாளில் ஒரு பாராட்டு மலர் வெளியிடக் கல்லூரி முடிவு செய்தது. "எனக்கெதுக்குப்பா இதெல்லாம்" என்று கூச்சப்பட்ட பேராசிரியர், அட்டையில் தன் படம் எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவைத்தார். அவர் வாழ்க்கையை எழுதப் பழைய மாணவர்கள் நால்வர் ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் வரி அலுவலகத்தில் இருந்தார், ஒருவர் செய்தித்தாளில், ஒருவர் மருத்துவர். நான்காமவர் வேலை எதுவும் பார்க்காமல் தியானம் செய்துகொண்டிருந்தார். ஒருவரோடு ஒருவர் கலந்து பேசவில்லை. செய்தித்தாள்காரர் எழுதியதை மட்டும் வரிக்காரரும் மருத்துவரும் பார்த்து எழுதினார்கள், அதை வெளியில் சொல்லவில்லை.

அச்சகத்திலிருந்து சரிபார்க்க மெய்ப்புத் தாள்கள் வர வர, அதில் இருந்ததெல்லாம் நடந்ததாகிவிட்டது. வரிக்காரர் பழைய தாத்தாவையும் மருத்துவர் மீசைக்காரரையும் கொடுத்திருந்தார்கள், அதனால்தான் படத்தில் இருவரும் இருந்தார்கள். வரிக்காரர் 'தம் இரு ஸ்கூட்டர்களிலும் ஏறிக் கல்லூரிக்கு வருவார்' என்று எழுதியிருந்தார். மறுநாள் வாசலில் இரண்டு நின்றன, பேராசிரியரும் இரண்டிலும் ஏறித்தான் போனார். எப்படி என்று பார்த்தவர்களுக்கும் விளக்கத் தெரியவில்லை. பெட்ரோல்காரர் மட்டும் இரட்டிப்பாக வணக்கம் வைத்தார். செய்தித்தாள்காரரின் கட்டுரை பாதியில் நின்றதால், பேராசிரியரும் சில நாள் வகுப்பில் ஒரு வாக்கியத்தின் நடுவே பயந்துபோய் வெளியேறினார். மாணவர்கள் அதைப் புது ஆராய்ச்சி முறை என்று எடுத்துக்கொண்டார்கள்.

இவை எதுவும் பேராசிரியரை அசைக்கவில்லை. அசைத்தது நான்கு மெய்ப்பிலும் இருந்த ஒரே ஒரு சம்பவம். இளம் வயதில் அவரும், கிரேக்கம் நடத்தியதால் கிரேக்கர் என்றே அழைக்கப்பட்ட அவர் நண்பரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். சுவிசேஷங்களை எழுதியது மேலே பெயர் போட்டிருப்பவர்கள் அல்ல என்பது அதன் சாரம். கட்டுரையிலும் பெயர் போடவில்லை. நிர்வாகம் கொதித்து விசாரணை வைத்தது. உள்ளே கிரேக்கர் "நான்தான் எழுதினேன்" என்று நின்றுகொண்டிருந்தார். வெளியே முற்றத்தில், குளிருக்குக் காவலாளி மூட்டிய நெருப்பில் பேராசிரியர் கையைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். நீங்களும் அவர்கூடத்தானே என்று ஒரு குரல் கேட்டது. "அந்த ஆளை எனக்குத் தெரியவே தெரியாது" என்றார் பேராசிரியர். கிரேக்கரின் வேலை போயிற்று. ஆற்றுக்கு அக்கரையில் ஒரு வீட்டில் குடியேறி, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள்களை மொழிபெயர்த்துப் பிழைத்தார். காலம் மாறி, அதே கருத்துக்குக் கைதட்டல் கிடைக்கத் தொடங்கியதும் பேராசிரியர் அதைத் தடித்த புத்தகமாக எழுதினார். மாலைகள் அதற்குப் பிறகு வந்தவைதான்.

முற்றத்தில் அப்படிக் கேட்டது தேநீர் ஊற்றும் பெண் என்றார் வரிக்காரர். காவலாளி என்றார் செய்தித்தாள்காரர். மருத்துவர் ஒரு எழுத்தரைச் சொன்னார். நான்காமவர், கேட்டது நெருப்பே என்று எழுதிவைத்தார். நான்கும் அச்சில் வந்ததால் நான்கும் நடந்திருந்தன. ஒரு தடவை மறுத்தவர் இப்போது நான்கு தடவை மறுத்திருந்தார். கண்ணை மூடினால் எந்த முகத்துக்குப் பதில் சொன்னோம் என்று குழம்பினார்.

ஒரு கட்டுரையிலாவது அது இல்லாமல் போனால் ஒரு பத்தியிலாவது தாம் யோக்கியர் என்று கணக்குப் போட்டு, நான்காமவரைப் பிடித்தார். தியானம் செய்பவர், இளகிய மனசு.

"தம்பி, அந்த நெருப்பு விஷயம் மலருக்கு அவ்வளவு அவசியமா?"

"சார், நீங்க சொல்லிக்கொடுத்ததுதானே. தலைமைச் சீடனே ஆண்டவரைத் தெரியாதுன்னு சொன்ன அவமானத்த நாலு பேரும் மறைக்காம எழுதினா, அது நடந்திருக்கணும்னு."

"அது அவங்களுக்குச் சொன்னதுப்பா."

"நாங்க நோட்ஸ் எடுக்கும்போது அப்படிப் பிரிச்சு எழுதலயே சார்."

கடைசி மெய்ப்பு வந்தபோது நான்காமவரின் கட்டுரைக்குப் பின்னால் ஒரு அதிகாரம் கூடியிருந்தது. ஒரு நாள் காலையில் பேராசிரியர் அக்கரைக்குப் போனார், கிரேக்கர் கரி அடுப்பில் மீன் சுட்டுக்கொண்டிருந்தார், "என்னைத் தெரியுதா?" என்று மூன்று தடவை கேட்டார், பிறகு இருவரும் சாப்பிட்டார்கள் என்று அதில் இருந்தது. நான்காமவர் தான் எழுதவில்லை என்று சத்தியம் செய்தார். பேராசிரியர் தொழில்முறைப்படி ஆராய்ந்தார். நடை வேறு. 'சரி விடுங்க', 'அதுக்கென்ன இப்ப' என்ற சொற்கள் மற்ற அதிகாரங்களில் கிடையாது, அவருடைய வீட்டுச் சமையலறையில் மட்டும் உண்டு. அடுப்பங்கரைக்குப் போய் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் வெங்காயம் நறுக்கினாள்.

"இது பிற்காலச் சேர்க்கை" என்றார் கண்டிப்பாக. "நடந்ததா எடுத்துக்க முடியாது."

"அப்ப உங்க சட்டையில எதுக்குங்க மீன் செதிள் ஒட்டியிருக்கு?"

இருந்தது. கரிப்புகை வாசனையும் இருந்தது. ஆனால் போன ஞாபகம் துளியும் இல்லை. நான்கு மறுப்பும் நினைவிருந்தது, இது மட்டும் இல்லை. அறிஞராக யோசித்தால் நடக்கவில்லை, சட்டையாக யோசித்தால் நடந்திருக்கிறது. இரண்டு நாள் சோறு இறங்காமல் அலைந்துவிட்டு, மூன்றாம் நாள் காலையில், சரிபார்க்க மட்டுமே போவதாக மனைவியிடம் அழுத்திச் சொல்லிவிட்டு, இரண்டு ஸ்கூட்டரிலும் ஏறிப் பாலம் தாண்டினார்.

கிரேக்கர் வீட்டு வாசலில் கரி அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. அவருக்குத் தலை நரைத்திருந்தது, மற்றபடி அதே ஆள்.

"என்னடா, திரும்பவும் வந்துட்டே?"

"நான்... முன்னாடி வந்தேனா?"

"முந்தாநாள்தான் வந்தே. மூணு தடவை கேட்டேன், மூணு தடவையும் பேந்தப் பேந்த முழிச்சே. நல்லாச் சாப்பிட்டே, அதைக் குறை சொல்ல மாட்டேன்."

பேராசிரியர் நின்றார். அவர் படித்த மெய்ப்பில் இப்படி ஒரு பாடபேதம், அதாவது மாற்று வாசகம், இல்லை. அடுப்பு நெருப்பு அவர் கையில் பட்டது, அதே சூடு. கிரேக்கர் மீனைத் திருப்பிப் போட்டுவிட்டு, தலை நிமிராமல் கேட்டார்:

"சரி, இன்னொரு தடவை கேக்குறேன். என்னைத் தெரியுதா?"

"தெரியும்" என்றார் பேராசிரியர். "அந்தக் கட்டுரையில பாதி நான் எழுதினதுடா."

"மோசமான பாதி" என்றார் கிரேக்கர். "உக்காரு."

மலர் குறித்த நாளில் வெளிவந்தது. விழா மேடையில் பேராசிரியர் கடைசி அதிகாரத்தை எழுதியது யார் என்று தெரியவில்லை என்றும், ஆனால் அதை நீக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். முன்வரிசையில் இரண்டு தாத்தாக்களும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு கைதட்டினார்கள். கூட்டம் முடிந்ததும் பேராசிரியர் தம் இரண்டு ஸ்கூட்டர்களிலும் ஏறினார், மனைவி ஒன்றில், கிரேக்கர் மற்றதில் பின்னால் உட்கார்ந்துகொண்டார்கள், தெருவில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.