பதினான்காம் காற்றாலையின் பச்சை விளக்கு

என் மேலாளர் ரோலண்டுக்குத் திரையில் பச்சை தெரிந்தால் போதும், வானமே இடிந்து விழுந்தாலும் கவலையில்லை.

"பதினாலாம் நம்பர் நல்லா இருக்கு, ஆர்லோ. மே மாசம் இறக்கையில ஒட்டுப் போட்டதுலேர்ந்து ஒரு முனகல்கூட இல்ல. பன்னெண்டு மணிக்கு ஓட விடறேன்" என்றார்.

"முனகல் என்ன, பேச்சுமூச்சே இல்ல சார்! ஏழாம் சென்சார் அன்னிலேர்ந்து எதுவுமே அனுப்பல."

"அப்போ குறை இல்லைன்னுதானே அர்த்தம்?"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கண்ணாடி இழை இறக்கைக்குள் விரிசல் விழுந்தால் கம்பியில்லாமல் சேதி சொல்லத்தான் அந்தச் சென்சார்கள். சேதியே வராவிட்டாலும் பச்சை காட்டும்படி எந்த மகானுபாவன் எழுதி வைத்தானோ! இறக்கை முறிந்தால் நேர் கீழே பக்கத்துப் பண்ணைக்கார வில்மாவின் மாட்டுத் தொழுவம். காலையில் அவள் அங்கேதான் கன்றுகளுக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தாள்.

அயோவாக் காற்று சற்றே அடங்கியதும் இறக்கையைச் சோதிக்க என் கூட்டாளி டெல் கயிற்றில் இறங்கினான். நான் உச்சியில் கயிற்றைப் பார்த்துக்கொண்டேன். ரேடியோவில் ரோலண்டும் இருந்தார். மணி பதினொன்றரை.

டெல் சுத்தியலால் தட்டினான். "சத்தம் தொப்புத்தொப்புங்குதுடா. பூச்சைச் சுரண்டுறேன்." பிறகு கத்தினான்: "ஐயையோ, ஒட்டு கறுப்பா இருக்கு! கார்பன் துணி! ஓரத்துல ஒரு முழத்துக்கு விரிசல்!"

கண்ணாடி இழைத் துணியில் ஒட்டுப் போட்டால் அதன் வழியாகச் சென்சாரின் சிக்னல் போகும். கார்பன் துணியோ சென்சாரின் வாயில் துணி அடைத்தது போலத்தான்.

"அந்த டெக்சாஸ் ஒப்பந்தக்காரனுங்க வேலைதான்! மண்டையில என்ன களிமண்ணா?" என்று நான் ரேடியோவில் பொரிந்து தள்ளினேன். அந்த மாதம் அவர்களும் ஒட்டுப் போட்டார்கள். பூச்சடிக்கும் முன் ஒட்டின்மேல் பெயரும் தேதியும் எழுதுவது எங்கள் எல்லோருக்கும் வழக்கம். "பேரைப் படிடா, ரோலண்ட் சாரும் கேக்கட்டும்."

டெல் மிச்சப் பூச்சையும் சுரண்டினான்.

"படிடா!"

"ஆர்லோ பி. மே ஒன்பது."

அன்று மழை வந்தது, கண்ணாடித் துணி தீர்ந்துபோனது. பையில் ஒரு துண்டு கார்பன் கிடந்தது. கண்ணாடியைவிடப் பலம்தானே என்று ஒட்டினேன். ஒட்டிவிட்டுப் பெருமைப்பட்டது வேறு நினைவுக்கு வந்தது.

"ஓட விடல" என்றார் ரோலண்ட். "பத்திரமா இறங்கி வாங்க."

ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம் அந்த மனுஷன்.