மிதமான ஏற்றம்

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சன்னல் இல்லாத ஓர் அறையில், இருபத்திமூன்று வருடமாக எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருக்கிறேன். வெளியே வெயிலா மழையா என்பதை உள்ளே வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். அப்படிப்பட்டவளுக்கு மலை மேல் ஆசை வந்ததில் அதிசயம் இல்லை. ஐம்பத்திரண்டு வயதில் வந்ததுதான் எல்லோருக்கும் சிரிப்பாக இருந்தது.

கணுக்கால் முறிந்து வந்த ஒரு பெண்மணிதான் அதற்குக் காரணம். இமயமலையில் ஏதோ பள்ளத்தாக்கில் ஆறு நாள் நடந்துவிட்டு, கடைசி நாள் இறக்கத்தில் வழுக்கி விழுந்தவர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். படம் எடுத்து முடித்ததும், வலியில் முகம் சுளித்துக்கொண்டே போனில் போட்டோக்களைக் காட்டினார். இரண்டு பக்கமும் பனிமலை, நடுவில் ஆறு, ஆற்றங்கரையில் மஞ்சள் கூடாரங்கள். "கால் சரியானதும் மறுபடி போவேன்" என்றார். யாருடன் போனீர்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன். அந்த நிறுவனத்துக்கு அன்று மத்தியானமே போன் போட்டேன்.

எடுத்தது ஒரு சின்னப் பெண். பன்னிரண்டு பேர் கொண்ட குழு, முன்னால் ஒரு கைடு, பின்னால் ஒரு கைடு, சமைக்க ஆள், கூடாரங்களைச் சுமக்கக் கோவேறு கழுதைகள் என்று ஒப்பித்தாள். இந்த நடை 'மிதமானது' வகையில் வருகிறதாம்.

"மிதமானதுன்னா என்னம்மா அர்த்தம்?"

"அஞ்சு கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துல மூச்சு வாங்காம நடக்கணும் மேடம். நடந்துக்கிட்டே பேச முடியணும்."

வீட்டில் இதைச் சொன்னபோது, பேச்சு விஷயத்தில் எனக்கு ஒரு சிக்கலும் வராது என்றார் என் வீட்டுக்காரர்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் நாற்பது கட்டிடங்களின் லிஃப்ட் அவர் பொறுப்பு. கல்யாணமாகி இருபத்தியேழு வருடத்தில் அவர் என்னோடு சேர்ந்து எங்கும் வந்ததில்லை. எதைக் கேட்டாலும் "நீ போய்ட்டு வா" என்பார். அதற்கு அர்த்தம் போகாதே என்பதுதான். இந்த முறையும் அதைத்தான் எதிர்பார்த்தேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நானும் வர்றேன்" என்றார். காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்து இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன்.

ஒன்பது மாதம் திட்டம் போட்டேன். நீள நோட்டு ஒன்றில் நாளுக்கு நாலு பக்கம் ஒதுக்கினேன். முதல் நாள் ரோடு முடிகிற கிராமம். இரண்டாம் நாள் பைன் மரக்காடு, நாலு மணி நேர நடை. மூன்றாம் நாள் ஆற்றங்கரைக் கூடாரம். நாலாம் நாள்தான் பெரியது. விடியும் முன் கிளம்பி, பதினொரு மணிக்குப் பள்ளத்தாக்கின் தலைமாட்டில் நாலாயிரத்து இருநூறு மீட்டர் உயரத்தைத் தொட்டுவிட்டு, இரண்டு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். அதற்குப் பிறகு அங்கே காற்று பலமாகிவிடும். எந்த இடத்தில் தண்ணீர் பிடிப்பது, எந்த ஓடையில் ஷூவைக் கழற்றுவது, எந்த மாதத்தில் எந்தப் பூ என்பது வரை எழுதி வைத்தேன். போன் பெண்ணே ஒரு நாள், "மேடம், நீங்க பேசாம இங்க வேலைக்கு வந்துடுங்க" என்றாள்.

பயிற்சிக்கு இடம் பார்த்தது அவர். பதினொரு மாடிக் கட்டிடம் ஒன்றின் சாவி அவரிடம் இருந்தது. காலை ஆறு மணிக்குப் போய், தோளில் பையோடு மூன்று தரம் ஏறி இறங்குவோம். "லிஃப்ட் மெக்கானிக் படியேறுறதை எவனாவது பார்த்தா என் பொழப்பு போச்சு" என்று முனகிக்கொண்டே வருவார். என்னைக் கேப்டன் என்று கூப்பிட ஆரம்பித்தார். உச்சியில் மோட்டார் அறை வாசலில் உட்கார்ந்து, பிளாஸ்க் மூடியில் மாறி மாறி டீ குடிப்போம். அவர் பேசுவார். முதல் வேலையில் லிஃப்ட் குழிக்குள் மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்டது, அப்போது அழுதது, அதை யாரிடமும் சொல்லாதது. இருபத்தியேழு வருடத்தில் என்னிடம் சொல்லாததை எல்லாம் அந்தப் படியில் உட்கார்ந்து சொன்னார். நாங்கள் புருஷன் பெண்டாட்டியாக இருந்தது அந்த மூன்று மாதம்தான் என்று இப்போது தோன்றுகிறது.

ஏழாவது மாடி வந்ததும் அவர் நின்று, லிஃப்ட் கதவைத் தட்டிப் பார்ப்பார். கதவில் ஏதோ சத்தம் என்பார். தொழில்புத்தி என்று நினைத்துச் சிரித்தேன். அவருக்கு மூச்சு முட்டியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற எனக்கு அது தெரியவில்லை.

உடல்தகுதிச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். என்னுடையது ஒரு நாளில் முடிந்தது. அவருடைய நெஞ்சுப் படத்தை நானே எடுத்தேன். "மூச்சை நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க" என்று ஒரு நாளைக்கு நூறு பேரிடம் சொல்வதை அவரிடமும் சொன்னேன். "சரிங்க மேடம்" என்று கிண்டலாகச் சொல்லிவிட்டுப் பிடித்தார்.

திரையில் படம் வந்தது. இதயத்தின் நிழல் நெஞ்சின் அகலத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இது தாண்டியிருந்தது. இரண்டு தரம் அளந்து பார்த்தேன். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "பாஸா கேப்டன்?" என்றார். டாக்டர் பார்க்கட்டும் என்றேன்.

இதய டாக்டர் சின்ன வயசுக்காரர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். எக்கோ ஸ்கேன் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரிடம் நேராகவே சொன்னார். "பம்பிங் குறைஞ்சிருக்கு சார். மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டா இங்க நீங்க நல்லாவே இருக்கலாம். ஆனா மலை வேண்டாம். மேல ஏதாவது ஆச்சுன்னா கீழ கொண்டுவரவே ரெண்டு நாள் ஆகும்."

வீட்டுக்காரர் பள்ளிக்கூடப் பையன் மாதிரித் தலையாட்டினார். நாலு நாள் கழித்து ஒரு கவரைச் சாப்பாட்டு மேசை மேல் போட்டார். உள்ளே உடல்தகுதிச் சான்றிதழ் இருந்தது. டயர் கடை மாடியில் இருக்கும் ஒரு கிளினிக்கில் வாங்கியது.

"இவர் என்ன பார்த்தார்?"

"நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார்."

"நம்ம ரிப்போர்ட்டைக் காட்டினீங்களா?"

"கேட்கலை. காட்டலை."

"என்னங்க, விளையாடற விஷயமா இது?"

"அந்தப் பையனுக்கு என்ன வயசு? புஸ்தகத்துல இருக்கறதைச் சொல்றான். மூணு மாசமா உன்கூட முப்பத்திமூணு மாடி ஏறுறேனே, செத்தா போயிட்டேன்? நீ வாயைத் தொறக்காம இரு. அது போதும்."

இரண்டு வாரம் வாயைத் திறக்கவில்லை. அவர் சாப்பிடுவதை, தூங்குவதை, குனிந்து ஷூ நாடா கட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினொன்றாம் மாடியில் அவர் பேசப் பேச நான் அவர் உதட்டின் நிறத்தைப் பார்த்தேன். பிறகு ஒரு மத்தியானம், ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரிலிருந்தே, எக்ஸ்ரே, எக்கோ இரண்டு ரிப்போர்ட்டையும் அந்தப் போன் பெண்ணுக்கு அனுப்பினேன். நான் அனுப்பினதாகத் தெரிய வேண்டாம் என்று எழுதினேன். சரி என்று பதில் வந்தது.

அவள் சின்னப் பெண், பொய் சொல்லிப் பழக்கமில்லை போலிருக்கிறது. அவர் இடத்தை ரத்து செய்ததைச் சொல்லப் போன் போட்டவள், அவரிடம் முதல் வரியிலேயே, "உங்க மிஸஸ் ரிப்போர்ட் அனுப்பியிருக்காங்க சார்" என்று சொல்லிவிட்டாள்.

அன்று வேலைப் பையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"எத்தனை நாளாச்சு அனுப்பி?"

"மூணு நாள்."

"மூணு நாளா என்கூட உக்காந்து டீ குடிச்சிருக்க."

"உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்னங்க பண்ணுவேன்?"

"உன்கூட எங்கயும் வரலை வரலைன்னு எத்தனை வருஷம் குத்திக் காட்டின. வர்றேன்னேன். வாழ்க்கையில ஒரு தடவை வர்றேன்னேன். என்னைக் கழட்டி விட்டுட்ட. நீ மட்டும் போகணும்னு நேரா சொல்லியிருந்தா விட்டிருப்பேனே, இப்படிப் பின்னால போய்க் குத்தணுமா?"

அவர் நிஜமாகவே அப்படி நினைக்கிறாரா, கோபத்தில் சொல்கிறாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் சொல்லச் சொல்ல அதுதான் நிஜமாகிவிட்டது. மகளுக்குப் போன் போட்டு அதையே சொன்னார். அவள் வேறு ஊரில் கல்யாணமாகி இருக்கிறாள், அப்பா செல்லம்.

"அம்மா, ஒரு டாக்டர் வேண்டாம்னார், ஒரு டாக்டர் சரின்னார். நடுவுல நீ யாரும்மா தீர்ப்பு சொல்ல?"

"படத்தை எடுத்தவ நான்டி."

"எடுக்கறதுதாம்மா உன் வேலை. படிச்சுச் சொல்றதுக்கு அவங்க இருக்காங்க."

போனை வைத்தேன். இருபத்திமூன்று வருடத்தில் எந்த டாக்டரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

என் இடம் அப்படியேதான் இருந்தது. லீவும் சாங்க்ஷன் ஆகியிருந்தது. ஆனால் அவரை அந்த முகத்தோடு வீட்டில் உட்கார வைத்துவிட்டு நான் போய் எந்தப் பூவைப் பார்ப்பது? என் இடத்தையும் ரத்து செய்தேன். அவரிடம் சொன்னேன். அதற்காவது மனம் இளகும் என்று நினைத்தேன். "உன் இஷ்டம்" என்றார். கேப்டன் என்ற வார்த்தை அதோடு போயிற்று. மாத்திரையை மட்டும் விடாமல் சாப்பிட்டார். எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, கம்பெனித் தலைமை அலுவலகத்தில் புது மாடல் லிஃப்டுக்கு ஒன்பது நாள் பயிற்சி என்றார். அவர் பெட்டியை நான்தான் அடுக்கினேன். ஐந்து சட்டைகளை இஸ்திரி போட்டு, மாத்திரைகளை நாள்வாரியாகச் சின்னக் கவர்களில் கட்டி வைத்தேன். அவருடைய மலை ஷூ, அவரோடு வேலை பார்க்கிற ஒருவர் வீட்டுக்கு முன்னமே போய்விட்டது எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் காலை, வரிசையில் ஒரு முழங்கை, இரண்டு முதுகு, ஒரு நெஞ்சு காத்திருந்தபோது மகளிடமிருந்து போட்டோ வந்தது. ரோடு முடிகிற கிராமம். அவரும் கம்பெனி ஆட்கள் இரண்டு பேரும் நிற்கிறார்கள். அவர் தலையில் எனக்காக நான் வாங்கின கம்பளித் தொப்பி. கீழே மகள் எழுதியிருந்தாள்: 'அப்பா கலக்கறார். வேற ட்ரெக்கிங் கம்பெனியோட போறாங்க. இனிமே சிக்னல் இருக்காதாம். கோவிச்சுக்காதம்மா.'

வீட்டுக்கு வந்து மேசை இழுப்பறையைத் திறந்தேன். நோட்டு இல்லை. அது எனக்குத் தேவையும் இல்லை, மனப்பாடமாகவே தெரியும். அந்த ஐந்து நாளும் நான் சன்னல் இல்லாத அறையில் இருந்துகொண்டு அவரோடு நடந்தேன். இப்போது காடு. இப்போது ஓடை, ஷூவைக் கழற்றியிருப்பார். நாலாம் நாள் பதினொரு மணிக்குக் கவனம் சிதறி ஒருவருடைய படத்தை இரண்டு தரம் எடுக்க வேண்டியதாயிற்று. உயிரோடு வந்தால் போதும் என்று வேண்டினேன். அதே மூச்சில் இன்னொன்றும் வந்தது. கொஞ்சமாக ஏதாவது ஆகட்டும், ஆள் பிழைத்துவிடட்டும், ஆனால் நான் சொன்னது சரி என்று தெரிகிற அளவுக்கு ஏதாவது ஆகட்டும். அப்படி நினைத்தேன். இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ஒன்றும் ஆகவில்லை. மூக்குத் தோல் உரிந்து, இரண்டு கிலோ இளைத்து, பத்து வயது குறைந்தவர் மாதிரி வந்து இறங்கினார். "உன் கணக்கு சரிதான், பதினொண்ணே காலுக்கு அந்த உயரத்துல நின்னோம்" என்று நோட்டை மேசை மேல் வைத்தார். அதைப் பாராட்டாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். நான் சாப்பாடு போட்டேன். ஏன் பொய் சொன்னீர்கள் என்ற கேள்வி வாய் வரை வந்தது. அவர் தட்டிலிருந்து நிமிர்ந்து, "பார்த்தியா, உயிரோட இருக்கேன்" என்றார். அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது? அவர் உயிரோடு இருந்தது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

பள்ளத்தாக்கின் தலைமாட்டில் எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டினார். வருகிறவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நிற்பார்கள். "நீங்க போகலையா?" என்று என்னைக் கேட்பார்கள்.

"திட்டம் பூரா அவதான் போட்டா. கடைசியில அவளுக்குக் கொஞ்சம் பயம் வந்துடுச்சு" என்பார் அவர். சிரிப்பார்கள். நான் டீ எடுக்க உள்ளே போவேன்.

போன மாதம் இதய டாக்டர் ஏதோ படம் தேடிக் கீழே வந்தார்.

"அக்கா, சார் எப்படி இருக்கார்? மலைக்குப் போறேன்னு நின்னாரே."

"போகலை டாக்டர்" என்றேன். "நான் விடலை."

"நல்ல காரியம் பண்ணீங்க. மாத்திரை குடுத்து ஆறு மாசம் ஆகப் போகுது. ஒரு எக்கோ பார்த்துடலாம். பம்பிங் இன்னும் குறைஞ்சிருந்தா மருந்தை மாத்தணும், தள்ளிப் போடக் கூடாது. அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க."

சரி என்றேன். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவர் கூடத்தில் யாருக்கோ போட்டோவில் கையை வைத்து வழி காட்டிக்கொண்டிருந்தார். இங்கே ஓடை, இங்கே கூடாரம் என்று. நான் நேராக அடுக்களைக்குப் போனேன்.

அடுத்த வாரம் வந்து போய்விட்டது. டாக்டர் சொன்னதை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.