மெஷின் அக்கா

ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு மணி நேரம். இரண்டு வருடம் நான்கு மாதத்தில் அவள் டென்னிஸ் மைதானத்தில் நின்ற நேரம் அது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள் என்பதால் எதையும் எழுதி வைக்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. தேதி, தொடங்கிய மணி, முடிந்த மணி, என்ன செய்தாள் என்று கோடு போட்ட நோட்டில் நான்கு கட்டங்கள்.

இருபத்து நான்கு வயதில்தான் அவள் முதல்முறையாக மட்டையைப் பிடித்தாள். கூட ஆடுகிறவர்கள் எல்லாம் பால்பல் விழும் முன்பே பிடித்தவர்கள். அவர்கள் பத்து வருடத்தில் சேர்த்ததை இவள் மூன்றில் சேர்த்தாக வேண்டும். தரவரிசைப் போட்டியின் தகுதிச் சுற்றில் இறங்கி, ஜெயித்து, உள்ளே போய், ஒரே ஒரு புள்ளி வாங்கிவிட்டால் போதும். தரவரிசைப் பட்டியலின் அடிமட்டத்தில் பேர் வந்துவிடும். அப்புறம் அவள் தொழில்முறை ஆட்டக்காரி. யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

மூன்று வாரத்துக்கு முன்பு படிவத்தை நிரப்பிப் பயிற்சி மையத்தின் மாஸ்டரிடம் கொடுத்தாள். மையத்தின் வழியாகத்தான் போக வேண்டும் என்பது விதி. "அனுப்பியாச்சும்மா" என்றார் மாஸ்டர்.

செவ்வாய்க்கிழமை காலை அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டியிருந்தது. மையத்திலிருந்து நான்கு பேர். மேலிருந்து கீழே படித்தாள், கீழிருந்து மேலே படித்தாள். அவள் பேர் இல்லை.

"மாஸ்டர், என் பேரு..."

"அதான்மா, நானே சொல்லணும்னு இருந்தேன். வயசு ஜாஸ்தின்னு டென்னிஸ் சங்கத்துல தள்ளிட்டாங்க. எவ்வளவோ பேசிப் பாத்தேன். சரி சரி, பந்துக் கூடைய எடு. பசங்க நிக்கறாங்க."

அவள் கூடையை எடுத்தாள். பிற்பாடு நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது இதற்காகத்தான். ஒன்றுமே நடக்காததுபோல் கூடையை எடுத்தாளே! முக்கால் மணி நேரம் வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று பந்து போட்டாள்.

"மெஷின் அக்கா, எனக்கு இன்னும் ரெண்டு!"

அந்தப் பட்டம் மாஸ்டர் கொடுத்தது. அவள் சேர்ந்த மாதம் மையத்தின் பந்து போடும் இயந்திரம் பழுதாகிவிட்டது. "பாருங்கடா, இந்தப் பொண்ணு போடற பந்து எல்லாம் ஒரே எடம், ஒரே உயரம். மெஷின் தோத்துடும்!" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. இயந்திரம் இன்னும் கழிப்பறைப் பக்கத்தில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கிடக்கிறது. சரிசெய்ய யாருக்கும் அவசியம் ஏற்படவில்லை.

வீட்டில் அண்ணி ஒரே பார்வையில் பிடித்துவிட்டாள். "என்னடி, மூஞ்சி தொங்குது?"

சொன்னாள்.

"தள்ளிட்டாங்களா? எந்தக் கடுதாசில?" அண்ணி மருந்துக்கடையில் இருப்பவள். டாக்டர் சீட்டு இல்லாமல் பெற்ற அப்பாவுக்கே மாத்திரை தர மாட்டாள். "அவரு வாயால சொன்னா ஆச்சா? சங்கத்துக்கே போய்க் கேளு."

"எப்படி அண்ணி போய்க் கேக்கறது?"

"ஊசிய எடுத்தா ஆறடி ஆம்பளைங்க உன்னப் பாத்து நடுங்கறாங்க. நீ ஒரு ஆபீசப் பாத்து நடுங்கறியா?"

வேலை நேரத்தைத் தோழியிடம் மாற்றிக்கொண்டு அன்றைக்கே போனாள். சங்க அலுவலகம் ஒரே அறை. கோப்பைகள் அடைத்த கண்ணாடி அலமாரி, கடகடவென்று ஓடும் மின்விசிறி, அதற்குக் கீழே மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துத் தொங்கவிட்ட ஒரு எழுத்தரம்மா. வாசலில் ஐந்து நிமிடம் நின்று, பேச வேண்டியதை மனப்பாடம் செய்த பிறகே உள்ளே போனாள். உள்ளே போனதும் பாதி மறந்துவிட்டது.

"வயசு ஜாஸ்தின்னு தள்ளிட்டீங்கன்னு..."

"யாரு தள்ளினது? பெரியவங்க பிரிவுல மேல் வயசே கிடையாதே. போன தடவ நாப்பத்தோரு வயசுல ஒருத்தர் ஆடினாரு. முதல் சுத்துலயே மண்ணக் கவ்வினாரு, அது வேற விஷயம். ஆடினாரா இல்லையா?" எழுத்தரம்மா பதிவேட்டை இரண்டு முறை புரட்டினாள். "உங்க மையத்துல இருந்து நாலு படிவம். மாஸ்டரே நேர்ல வந்து கொடுத்தாரு. அஞ்சாவது ஒண்ணு வரவே இல்லியேம்மா."

அவளுக்குக் காதுமடல் சூடேறியது.

"இன்னிக்கு அஞ்சு மணிக்குப் பட்டியல மூடறோம். அதுக்குள்ள, அனுப்பாதது எங்க தப்புதான்னு உங்க மாஸ்டர் ஃபோன்ல சொன்னாக்கூடப் போதும், சேத்துக்கறேன். நீங்க சொன்னா செல்லாது. அவரு வாயால வரணும்." எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு, போகிற போக்கில் கேட்டாள். "அது சரி, எத்தன மேட்ச் ஆடியிருக்கீங்க?"

திரும்பும் பேருந்தில் நோட்டைப் பிரித்து, நான்காவது கட்டத்தை மட்டும் சிவப்பு மையால் பிரித்துக் கூட்டினாள். பிள்ளைகளுக்குப் பந்து போட்டது ஆயிரத்து நூற்று மூன்று மணி. தனியாகச் சுவரில் அடித்தது இருநூற்று முப்பத்தொன்று. மாஸ்டர் சொல்லிக் கொடுத்தது நாற்பத்தொன்று. அதிலும் பாதி, "தோள இறக்கு". எதிரே ஒருவரை நிறுத்தி ஆட்டமாக ஆடியது வெறும் முப்பத்தேழு.

பரிசோதனைக் கூடத்தில் குழாயில் பேரை மாற்றி ஒட்டினால் ஒருவர் நோய் இன்னொருவர் தலையில் விழும். இத்தனை வருட வேலையில் அவள் ஒரு தடவைகூட மாற்றி ஒட்டியதில்லை. தன் சொந்த நோட்டில் மட்டும் ஆயிரத்து நூற்று மூன்று மணி நேரத்துக்கு மாற்றி ஒட்டியிருந்தாள். வேறொருவர் பயிற்சியைத் தன் பயிற்சி என்று.

கோபம் அவளுக்குப் பழக்கமில்லாத பொருள். எங்கே வைப்பது என்று தெரியாமல் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

மைதானத்துக்கு வந்தபோது மணி நாலு நாற்பது. பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். கம்பிவலைக்குப் பின்னால் பெற்றோர்.

"வா வா, லேட்டு. கூடைய எடு" என்றார் மாஸ்டர்.

"என் படிவத்த அனுப்புனீங்களா, மாஸ்டர்?"

"அனுப்பாம? தபால்ல எங்கயாவது மாட்டியிருக்கும்."

"காலைல வயசுன்னு சொன்னீங்க. மத்த நாலையும் நேர்ல போய்க் கொடுத்தீங்களாமே."

"அடேங்கப்பா! துப்பு துலக்கிட்டு வந்திருக்கா!" மாஸ்டர் பெற்றோர் பக்கம் திரும்பிச் சிரித்தார். இரண்டு பேர் கூடச் சிரித்தார்கள். "நெஞ்சத் தொட்டுச் சொல்லும்மா. எதிர்ல பதினஞ்சு வயசுப் பொண்ணு நிக்கும். ஆறுக்குப் பூஜ்யம், ஆறுக்குப் பூஜ்யம். அந்த அவமானத்துல இருந்து உன்னக் காப்பாத்தினதா வெச்சுக்கயேன்."

"தோக்கறதுன்னா நான் தோத்துக்கறேன் மாஸ்டர். அதையும் எனக்குப் பதிலா நீங்களே செஞ்சுட்டா எப்படி?"

சொல்லிவிட்டு அவள் அங்கேயே, வலைக்குப் பக்கத்தில், கூடையை அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, பந்து போடுங்க!" என்று வரிசையிலிருந்து ஒரு குரல்.

"மெஷின் ரிப்பேர்" என்றாள்.

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். கம்பிவலைக்குப் பின்னாலிருந்த ஒரு அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டியலில் முதல் பேர் அவர் மகளுடையது. "என்ன சார் இது? வெள்ளிக்கிழம என் பொண்ணுக்கு மேட்ச். நீங்களே போடுங்களேன்."

மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து இரண்டு பந்தை எடுத்துப் போட்டார். முதலாவது வலையில் விழுந்தது. இரண்டாவது அந்த அம்மாவின் மகள் தலைக்கு மேல் போனது.

"அக்கா மாதிரி போடுங்க மாஸ்டர்" என்றாள் அந்தச் சிறுமி, பாவம், நல்லெண்ணத்தில்.

மாஸ்டர் அவள் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது. "நீ போட்டி போட்டின்னு கிளம்பிட்டா காலைலயும் சாயங்காலமும் இங்க யாரு நிப்பா? என் நெலமையையும் யோசி. உன்ன உதவிக் கோச்னு போட்டுடறேன். பேர் போட்ட பனியன் தரேன்."

பனியன்! ஆயிரத்து நூற்று மூன்று மணி நேரத்துக்கு ஒரு பனியன். அவள் எழுத்தரம்மா கொடுத்த எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டு, ஃபோனை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். மணி நாலு ஐம்பத்தொன்று.

"சங்கம். யாரு?"

"மாஸ்டர் பக்கத்துல இருக்காரு மேடம். பேசுவாரு."

மாஸ்டர் பிள்ளைகளைப் பார்த்தார், கம்பிவலையைப் பார்த்தார்.

"சொல்லித் தொலைங்க சார்" என்றார் முதல் பேர்க்காரியின் அம்மா. "மணி ஆகுது."

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "அது வந்து மேடம்... அந்தப் படிவம்... அனுப்பப்படல."

"விசிறி சத்தத்துல ஒண்ணும் கேக்கல. யாரு அனுப்பல? சத்தமா சொல்லுங்க."

மாஸ்டர் ஃபோனை நோக்கிக் குனிந்தார்.

"நான்தான் மேடம்! என் மேசை டிராயர்லயே வெச்சுட்டேன். நான்தான் அனுப்பல."