கேமராவைக் கழற்றிய பிறகு

…இல்லை, இடது கண் சரியாகத்தான் இருக்கிறது, வலது கண்ணை மட்டும் திறந்து பார்த்தால்தான் நட்ட நடுவில் சாம்பல் நிறப் பொட்டு, ஐந்து நாளாக அதே இடம், போய்விடும் போய்விடும் என்று பார்த்தால் போனபாடில்லை… தெராவுச்சி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். இந்தக் கவாசாகி ஆய்வுக்கூடத்தில் பன்னிரண்டு வருடம், அத்தனை வருடமும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர், நுண்ணோக்கியின் தலையில் கேமரா, பக்கத்தில் திரை, திரையில் தெரியும் வெள்ளைப் புள்ளியைப் பார்த்து ஒளியிழையின் முனையை நகர்த்துவது, அவ்வளவுதான் பிழைப்பு. பிளாஸ்டிக் இழையில் செய்தி அனுப்பக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு வேண்டும் என்று மூன்று வருடமாக உயிரை விட்டார்கள், பத்து நிமிடத்தில் செத்துப்போகும் லேசர் சில்லுகள், எத்தனை எத்தனை… போன வெள்ளிக்கிழமைதான் முதன்முறையாக ஒன்று அறை வெப்பத்தில் அணையாமல் நின்றது. எல்லோரும் கத்தினார்கள், சிரிக்கவே தெரியாத பிரிவுத் தலைவர் குரோசுகூடக் கைதட்டினார். சிவப்புதான் கண்ணுக்கே தெரிகிறதே, இனி கேமரா எதற்கு என்று கழற்றி வைத்தவன் அவன்தான். நுண்ணோக்கியில் வலது கண்ணை வைத்தான். சொந்தக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடலாமே என்ற ஆசை, வேறென்ன? அழகாக இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல்; அன்றிரவே இந்தப் பொட்டு.

கம்பெனி டாக்டரிடம் போயிருக்கலாம். போனால் விபத்துப் படிவம், விசாரணை, அறைக்குப் பூட்டு, அடுத்த வாரம் மாநாட்டில் வேறு கம்பெனிக்காரன் முந்திக்கொள்வான்… அதனால் திங்கட்கிழமை இழை பொருத்தும் வேலையை நிஷிவாக்கியிடம் தள்ளிவிட்டான், குழுவில் கை நடுங்காதவள் அவள் ஒருத்திதான். கேமராவைத் திரும்ப மாட்டச் சொல்லியிருக்கலாம்தான். ஏன் என்று கேட்டால்?

"என்ன தெராவுச்சி சான், காலையில உடற்பயிற்சிக்கு எல்லாரும் வலது கையத் தூக்கினா நீங்க மட்டும் ஒரு கண்ணை மூடிக்கிட்டு நின்னீங்க?" நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கி நிஷிவாக்கி சிரித்தாள்.

"ராத்திரி சரியாத் தூங்கல."

"எனக்கும் அதேதான் போல. கேன்டீன் பலகையில இன்னிக்கு என்ன மீன்னு படிக்கவே முடியலங்க. நடுவுல யாரோ துடைச்சு விட்ட மாதிரி…"

"கானாங்கெளுத்தி," என்றான், அதைப் போய் அவ்வளவு அவசரமாக. இப்போது சொல்லிவிடு, எழுந்திரு, லேசரின் மின்சாரத்தை நிறுத்து, ஒரு நிமிட வேலை… மேசைமேலிருந்த குறிப்பேட்டைப் புரட்டினான். அவள் மறுபடியும் குனிந்தாள். அவளுக்குப் பொட்டு விழுந்தது இரண்டு கண்ணிலுமா, ஒரு கண்ணிலா என்றுகூட அவன் மனம் முதலில் கேட்கவில்லை. மாநாட்டுக்கு முன்னால் டாக்டரிடம் போய்விடுவாளோ என்றுதான் கேட்டது.