முழுங்கிய ஏணி

தேர்வு நாளில் வயலின்காரர் முழுங்கிய சுரங்கள், அவர் இசைப்பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த அன்று காலை, சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு, அவர் வயிற்றுக்குள்ளிருந்து ஒலிக்கத் தொடங்கின. வயலின் சத்தம்தான், சந்தேகமே இல்லை. சுருதி சுத்தமாக இருந்தது. அவர் முதலில் பக்கத்து வீட்டு ரேடியோ என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினார். பிறகு சட்டைப் பித்தானை அவிழ்த்துப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

முழுங்குவது என்பது அந்தப் பள்ளியில் எல்லோருக்கும் தெரிந்த வார்த்தை. கஷ்டமான இடம் வரும்போது வில்லைக் கம்பியில் படாமல் காற்றிலேயே இழுத்து, தலையை ஒரு சிலுப்புச் சிலுப்பி, வாசித்த மாதிரியே தாண்டிப் போவதற்குப் பெயர் அது. மாணவர்கள் நாள் தவறாமல் முழுங்குவார்கள், ஆசிரியர்கள் திட்டுவார்கள், அதற்காக எவர் வயிறும் பாடியதில்லை. இவருக்கு மட்டும் ஏன் பாடியது என்பதற்குப் பிற்பாடு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். முழுங்கிய இடம் பெரிய இடம் என்பதுதான் அதில் கொஞ்சமாவது நியாயமான காரணம்.

அந்தப் பள்ளியில் ஒருவர் நிரந்தர ஆசிரியராக வேண்டுமானால், அவரவர் வாத்தியத்துக்கு இருப்பதிலேயே கஷ்டமான உருப்படியைத் தேர்வுக் குழுவின் முன்னால் நிறுத்தாமல் வாசித்துக் காட்ட வேண்டும். டிரம்பெட்டுக்கு மூச்சு வாங்க இடமே விடாத ஓர் உருப்படி இருந்தது. அதைப் பழகிப் பழகி டிரம்பெட் ஆசிரியர் காது வழியாக மூச்சு விடக் கற்றுக்கொண்டார். சளி பிடித்தால் காதைத்தான் சிந்துவார். பியானோவுக்கான உருப்படியில் எந்த மனிதக் கைக்கும் எட்டாத தூரத்தில் இரண்டு கட்டைகளை ஒன்றாக அழுத்த வேண்டும். பியானோ ஆசிரியைக்கு இடது சுண்டுவிரலில் கூடுதலாக ஒரு கணு முளைத்துவிட்டது, குளிர்காலத்துக்குக் கையுறையைத் தனியாகச் சொல்லித் தைக்கிறார். புல்லாங்குழலில் ஒரே நேரத்தில் இரண்டு குரல் எழுப்ப வேண்டியிருந்ததால் குழல் ஆசிரியை அன்றிலிருந்து பேசுவதும் இரண்டு குரலில்தான். டெலிபோனில் இரண்டும் ஒன்றையொன்று மறுத்துப் பேசும். எல்லாவற்றிலும் கஷ்டமானது முக்கோணக் கம்பிக்குரிய உருப்படி என்பார்கள். அதில் ஒரே ஒரு தட்டு, அதற்கு முன்னால் ஒரு மௌனம். முக்கோணக்காரர் கம்பியைத் தூக்கிப் பிடித்தபடி மாடியறையில் நின்றுகொண்டிருக்கிறார். கேட்க வந்த குழுவில் ஒருவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், இவர் இன்னும் தட்டவில்லை.

வயலினுக்கு இருந்ததை எல்லோரும் ஏணி என்று கூப்பிட்டார்கள். முக்கால்வாசி சாதாரணமாகப் போகும். கடைசிப் பக்கத்தில், வலது கையில் வில் ஓடிக்கொண்டிருக்க, சுரம் பிடிக்கிற இடது கையாலேயே கம்பியைச் சுண்டிக்கொண்டும் மேலே ஏற வேண்டும். படிப்படியாக ஏறி, கம்பி முடிகிற இடத்தில், சுரம் இருப்பதே சந்தேகமான ஓரிடத்தில் நிற்க வேண்டும். அந்த வருஷம் இருந்த ஒரே இடத்துக்கு இரண்டு பேர் போட்டி. ஒருவர் நம் வயலின்காரர். இன்னொருத்தி அவருடைய கொழுந்தியாள், மனைவியின் கூடப் பிறந்த தங்கை. மூவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். முன்னறையில் அவர் ஏணி ஏறுவார், பின்னறையில் அவள் ஏறுவாள், நடுவில் மனைவி இருவருக்கும் பியானோ வாசிப்பாள். தேர்வன்றும் இருவருக்கும் பக்கவாத்தியம் அவளேதான்.

தங்கை முதலில் வாசித்தாள். கடகடவென்று ஏறினாள். கடைசிக்கு முந்தின படியில் சுரம் ஒரு மயிரிழை இறங்கிவிட்டது. கூடத்தில் அது வேறு எவர் காதிலும் விழவில்லை. அவள் வில்லை எடுத்துவிட்டு, "மன்னிச்சுக்குங்க, அந்தச் சுரம் கொஞ்சம் இறங்கிருச்சு, இன்னொரு தடவை வாசிக்கிறேன்" என்றாள். நிறுத்தினால் போச்சு என்பது விதி. குழுவினர் வருத்தப்பட்டுக்கொண்டே அவளை உட்காரச் சொன்னார்கள். அத்தான் வாசிப்பதைக் கேட்க அவள் இரண்டாவது வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

அத்தானுக்கு ஏணியின் முதல் படியிலேயே கை வியர்த்துவிட்டது. வீட்டில் எத்தனையோ முறை ஏறிய இடம்தான். ஆனாலும் அவள் விழுந்ததைப் பார்த்த பயம், வேலை வேண்டும் என்ற ஆசை, இரண்டும் சேர்ந்து அவரை என்னவோ செய்துவிட்டன. வில்லைக் காற்றில் இழுத்தார், தலையைச் சிலுப்பினார், ஏணி முழுவதையும் அப்படியே முழுங்கிவிட்டு, கடைசிச் சுரத்தில் மட்டும் கம்பீரமாக வந்து நின்றார். வில் கம்பியில் படவில்லை என்பது மனைவியின் கண்ணில் பட்டது. அவள் பெடலை அழுத்தி மிதித்து, இரண்டு கையாலும் கட்டைகளை இடித்து, அந்த ஓட்டை தெரியாமல் சத்தத்தைப் போட்டு மூடினாள். பக்கவாத்தியக்காரர்கள் செய்கிற வேலைதான் அது. வாசிப்பவர் தடுக்கினால் தாங்கிக்கொள்ள வேண்டும். தாங்கியபோது, அந்த ஆசிரியர் இடத்துக்குத் தங்கையும் போட்டியிட்டாள் என்பது அவள் நினைவுக்கு வரவில்லை. வந்தபோது கைதட்டல் முடிந்திருந்தது. இவ்வளவு சுலபமாக ஏணி ஏறிய ஆளைத் தாங்கள் பார்த்ததே இல்லை என்று குழுத் தலைவர் சொன்னார்.

வீட்டுக்கு வந்து புருஷனும் பெண்டாட்டியும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இருவருக்கும் வெட்கமாக இருந்தது. வெட்கமாக இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளவும் வெட்கமாக இருந்தது. தங்கை அந்த மாதமே ஒரு ஷூ கடையில் வேலை பார்த்துக்கொண்டு தனியறைக்குக் குடிபோனாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவாள்.

வயிறு பாட ஆரம்பித்ததும் வயலின்காரர் டாக்டரிடம் போனார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டு, கண்ணை மூடிக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் காலால் தாளம் போட்டார். "குடல்ல ஒண்ணும் கோளாறு இல்ல. வாசிப்பு ரொம்ப நல்லாருக்கு. யாரு?" என்று கேட்டார். வயலின்காரர் சட்டையை மாட்டிக்கொண்டார். வாசிப்பு நன்றாகத்தான் இருந்தது, அதுதான் தொல்லையே. அவர் கை ஒருநாளும் வாசித்திராத சுத்தத்தில் வயிறு வாசித்தது. ஒரே குறை, ஏணி ஏறி ஏறி, கடைசிச் சுரத்துக்கு முன்னால் நின்றுவிடும். அந்த ஒன்றைத்தான் அவர் முழுங்கவில்லையே. வீட்டுச் சொந்தக்காரரான கீழ்வீட்டுத் தையல்காரர் அந்தக் கடைசிச் சுரத்துக்குக் காத்துக் காத்து ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டார். வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

அவர்கள் ஓர் அச்சகத்துக்கு மேலே குடிபோனார்கள். இயந்திரங்கள் ஓடும்வரை நிம்மதி. வருஷங்கள் போயின. வயலின்காரர் வெயிலிலும் கனத்த கோட்டு போட்டுக்கொண்டார். விருந்துக்குப் போனால் பசியில்லை என்பார். ஒரு சாவு வீட்டில், எல்லோரும் தலைகுனிந்து நின்றபோது ஏணி கிளம்பிவிட்டது. செத்தவரின் மகள் வந்து இவர் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். அன்று முழுக்க அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பெரிய பெரிய இடத்தையெல்லாம் முழுங்கி ஏப்பம் விட்டுவிட்டு நிம்மதியாக நடமாடுகிறவர்கள் ஊரில் எத்தனையோ பேர் இருந்தார்கள். இவருக்கு அந்த ஏப்பம்தான் வரவில்லை.

மனைவி மூடிக்கொண்டே இருந்தாள். வயிறு முனகத் தொடங்கினால் பியானோவுக்கு ஓடுவாள். விருந்தாளி இருந்தால் தையல் மிஷினை மிதிப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை சாப்பிட உட்கார்ந்ததும் மிக்ஸி ஓட ஆரம்பித்துவிடும், ஜாருக்குள் ஒன்றும் இருக்காது. மூன்று பேரும் அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பேசிச் சாப்பிடுவார்கள். இந்த வீட்டில் அப்படி என்னதான் அரைக்கிறார்களோ என்று எதிர்வீட்டில் கேட்டுக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போய்விட்டது. அச்சகத்துக்கு விடுமுறை. பியானோ கம்பி மாற்றப் போயிருந்தது, தையல் மிஷினின் வார் அறுந்து கிடந்தது. தங்கை பாதிச் சாப்பாட்டில் இருந்தபோது ஏணி தொடங்கியது. மனைவி எழுந்து பாத்திரங்களை எடுத்துத் தடதடவென்று அடுக்கினாள்.

"அக்கா, தட்டைக் கீழ வை" என்றாள் தங்கை.

மூவரும் கேட்டார்கள். அது ஒவ்வொரு படியாக, நிதானமாக ஏறி, ஒன்று குறைய நின்றது.

"கடைசிச் சுரம் இல்லையே அத்தான்."

"அதை மட்டும் வாசிச்சேன்" என்றார் அவர், தட்டைப் பார்த்துக்கொண்டு.

"தெரியும். ரெண்டாவது வரிசையிலதானே உக்காந்திருந்தேன். உங்க வில்லு கம்பியிலயே படல."

மனைவி தங்கை பக்கம் திரும்பினாள். "அப்ப நான் செஞ்சதும் தெரியுமா?"

"அந்த மிதி மிதிச்ச. தெரியாம இருக்குமா?"

"ஏன்டி அன்னைக்கே சொல்லல?"

"சொல்லத்தான் எந்திரிச்சேன். பெடல் மேல உன் கால் நடுங்கிட்டிருந்துச்சு. உக்காந்துட்டேன்" என்றாள் தங்கை. "சாப்பிடுங்க, ஆறுது."

இத்தனை வருஷமும் அவள் தெரிந்தேதான் வந்திருக்கிறாள். வெறும் மிக்ஸியின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசி, கடைக்கு வந்த ஆட்களைப் பற்றி வேடிக்கை சொல்லி, சாப்பிட்டுக் கை கழுவிப் போயிருக்கிறாள். வயலின்காரருக்கு அதுவரை இருந்த வெட்கம் மாட்டிக்கொள்வோமோ என்ற வெட்கம். இது வேறு. மாட்டிக்கொண்டு வெகுகாலம் ஆகியும் மன்னிக்கப்பட்டபடியே சோறு தின்றிருக்கிறோம் என்ற வெட்கம், அதை வைத்துக்கொள்ள உடம்பில் இடமில்லை. அவர் குழந்தை மாதிரி அழுதார். மனைவி அழவில்லை. அவள் மிக்ஸியை எடுத்துக் கட்டிப் பரணில் போட்டாள்.

மறுநாள் அவர் பள்ளி முதல்வரிடம் போய் நடந்ததைச் சொல்லி, வேலையைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னார். முதல்வர் அவர் வயிற்றை ஒரு முறை முழுக்கக் கேட்டார். உருப்படியை வாசிக்க வேண்டும் என்றுதான் விதி, எதால் வாசிக்க வேண்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை, கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான் என்றார். தண்டனை கேட்டுப் போனவருக்குக் கைகுலுக்கல் கிடைத்தது. அவர் அங்கிருந்து நேரே ஷூ கடைக்கு நடந்தார். அவள் ஒரு பெரியவரின் காலுக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். தான் விலகிக்கொள்வதாகவும் அந்த இடத்தை அவள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் அவர் கெஞ்சினார்.

"முழுங்கித் துப்பினதை எனக்கு வைக்காதீங்க அத்தான். எச்சில்" என்றாள் அவள், நிமிர்ந்து பார்க்காமல். கோபமாகச் சொல்லவில்லை. பெரியவரிடம் விரல் இடிக்கிறதா என்று கேட்டாள்.

அவர் வேலையில் இருந்தபடியே இருந்தார். வயிற்றுச் சங்கதி பள்ளி முழுக்கத் தெரிந்தபின், ஏணி படிக்கும் மாணவர்கள் அவரிடம் வந்து, கொஞ்சம் கேட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். மாட்டேன் என்று சொல்லத் தனக்கு யோக்கியதை இல்லை என்று அவர் நினைத்தார். சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு வகுப்பறைக்கு வெளியே அவர்கள் வரிசையில் நிற்பார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கோட்டைத் திறந்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். ஒவ்வொருவராகக் குனிந்து காதை வைத்துக் கேட்டுப் போவார்கள். அப்படிக் கேட்டுப் படித்தவர்கள் நன்றாகவே ஏறினார்கள், ஆனால் எல்லோரும் ஒன்று குறைய நின்றார்கள். அந்த ஒன்றை அவர் தேர்வன்றே வாசித்துத் தீர்த்துவிட்டார், அன்று அதை வாசிக்காமல் விட்டவளிடம்தான் அது அப்படியே பத்திரமாக இருந்தது.

ஆகவே இப்போது வயலின் பிள்ளைகள் வயிற்றைக் கேட்டுவிட்டு ஷூ கடைக்குப் போகிறார்கள். அவள் கையில் இருக்கும் ஷூவைக் கீழே வைத்துவிட்டு, அத்தான் அனுப்பினாரா என்று கேட்டு, அந்தச் சுரத்தை ஒரு தடவை பாடிக் காட்டுகிறாள். ஷூ வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. வழி கேட்கும் புதுப் பிள்ளைகளுக்கு வயலின்காரரே சுவரைப் பார்த்தபடி தெருவைச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் போக வேண்டாம் என்கிறார். அன்றைக்குக் கடை லீவு, அவள் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள்.