வாஹித் நானாவுக்குத் தெரிந்த கலர்

தீபாவளிக்கு இரண்டே நாள். பதுளையில் ஒரு துணிக்கடைக்குள் மாடசாமி முக்கால் மணி நேரமாக முழித்துக்கொண்டு நின்றார்.

இருபத்திரண்டு வருஷமாக நமுனுகுலையிலிருந்து பஸ் ஏறி வந்து, இதே கடையில்தான் மனைவி கலாராணிக்குச் சேலை எடுப்பார். 'எடுப்பார்' என்பது கொஞ்சம் அதிகம். கல்யாணமான புதிதில் கலாராணி ஒரே ஒரு தடவை அவருடன் வந்திருந்தாள். அவள் எதைத் தொட்டாள், எதற்கு முகம் சுளித்தாள் என்று கவுண்டரில் நின்ற, எல்லாரும் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் வாஹித் அன்றைக்கே பார்த்து வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வருஷா வருஷம் பத்துச் சேலையை உதறி விரித்து, ஒன்றைத் தன் தோளிலேயே போட்டுக் காட்டி, "இதுதான் அவங்களுக்கு எடுப்பா இருக்கும்" என்பார். மாடசாமி பையை வாங்கிக்கொள்வார். "என் மனசறிஞ்சு எடுப்பாரு எங்க வீட்டுக்காரரு" என்று கலாராணி தோட்டத்து லயம் முழுக்கச் சொல்லித் திரிவாள். இவரும் கூச்சமில்லாமல் மீசையைத் தடவிக்கொள்வார்.

இந்த வருஷம் கவுண்டரையே காணோம். கண்ணாடிக் கதவு, ஏசி, வரிசையாகத் துணி அடுக்கிய ரெக். சேலையெல்லாம் பொலித்தீன் கவருக்குள். 'பிரிக்க வேண்டாம்' என்று ஒட்டியிருந்தது. நானாவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம்.

போனில் மூழ்கியிருந்த றிஸ்னி என்ற விற்பனைப் பெண்ணிடம் போனார்.

"ஒரு சேல எடுத்துக் காட்டும்மா."

"எல்லாம் ரெக்ல இருக்கு, அங்கிள். பாத்து எடுங்க."

"பாத்தா மட்டும் தெரியுதா? எங்க வீட்டம்மாவுக்கு எது புடிக்கும்?"

றிஸ்னி அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள். "அத என்கிட்டயா கேக்குறீங்க?"

"வாஹித் நானா சொல்லுவாரே!"

"ஒங்க வைஃபுக்குப் புடிச்சது நானாவுக்குத்தான் தெரியுமா?"

சண்டை பிடிக்க வாயைத் திறந்தவர், ரெக் பக்கம் திரும்பினார். பச்சையை எடுத்தார், வைத்தார். ஊதாவை எடுத்தார், அதையும் வைத்தார். கடைசியில் போனை எடுத்தார்.

"கலா, ஒனக்கு என்ன கலரு புடிக்கும்?"

"ஏங்க, குடிச்சிருக்கீங்களா?"

"இல்லடி. கடையில வாஹித் நானா இல்ல."

"அவரு இல்லாட்டி என்ன? நீங்கதான எடுக்குறீங்க?"

மாடசாமி றிஸ்னிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். "எடுக்குறது அவரு. தூக்கிட்டு வாறதுதான் நானு."

"இத்தன வருஷமாவா?"

"ம்."

"அங்கேயே நில்லுங்க. எதையும் தொட்டுறாதீங்க. அடுத்த பஸ்ஸுல வாறேன்."

"கோவமா, கலா?"

"கோவந்தான். அதுக்காகச் சேல வேணாமா?"